பிரிட்டிஷ் பிரமுகர்களின் பழைய கடிதங்களும் கையொப்பங்களும்: தேர்வு, சோதனை, பாதுகாப்பு – முழுமையான வழிகாட்டி

பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் கடிதம் என்று ஒன்று விற்பனைக்கு வருகிறது. தேதி 1796. அடியில் ‘நெல்சன்’ என்று ஒற்றைச் சொல்லில் கையொப்பம். பூதக்கண்ணாடியை எடுக்கவே தேவையில்லை. அது அவர் கைபட்டதல்ல. 1798 நவம்பரில் பிரபுப் பட்டம் கிடைக்கும்வரை அவர் ‘ஹொரேஷியோ நெல்சன்’ என்றுதான் எழுதினார். எழுத்தின் சுழிவு நெளிவுகளை அப்படியே போடத் தெரிந்தவன்கூட இந்த மாதிரி இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறான்.

ஆகவே கையொப்பத்தைக் கடைசியில் பாருங்கள். காகிதம், மை, மடிப்பு, தபால் குறி, தேதி, பட்டம் ஆகிய ஆறும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதுதான் முதல் கேள்வி. இந்த வழிகாட்டி 1700 முதல் 1900களின் முற்பகுதி வரையிலான கடிதங்களுக்கானது. அதற்கு முந்தையவற்றின் எழுத்து வடிவத்தைப் படிக்கவே தனிப் பயிற்சி வேண்டும். புதிதாகத் தொடங்குபவர் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

முதலில் வாங்க வேண்டியது: ஃபிராங்க் முகப்பு

எடுத்த எடுப்பில் டிக்கன்ஸ், டார்வின் என்று போகாதீர்கள். 1840 ஜனவரி 10 அன்று எல்லாருக்கும் ஒரே பென்னி தபால் கட்டணம் நடைமுறைக்கு வந்தது. அதுவரை நாடாளுமன்றத்தின் இரு அவை உறுப்பினர்களும் தங்கள் கையொப்பத்தையே தபால்தலை போலப் பயன்படுத்திக் கட்டணமில்லாமல் கடிதம் அனுப்பினார்கள். இதற்கு ஃபிராங்க் என்று பெயர். உறுப்பினர்கள் வெற்றுத் தாள்களில் கையெழுத்துப் போட்டு நண்பர்களுக்குக் கொடுத்து வந்ததால் விதிகள் படிப்படியாக இறுகின. 1764 முதல், முகவரி முழுவதையும் உறுப்பினரே எழுத வேண்டும். 1784 முதல், மேலே ஊரும் தேதியும் வேண்டும். நாள் எண்ணால் அல்ல, எழுத்தால். ‘லண்டன் ஜூலை இருபத்து நான்கு 1832’ என்பது போல இருக்கும். கையொப்பம் பெரும்பாலும் கீழே இடது மூலையில். 1795 முதல் ஒரு நாளைக்கு 10 கடிதம் அனுப்பலாம், 15 பெறலாம், எடை ஒரு அவுன்ஸுக்கு மேல் போகக் கூடாது என்றும் வரம்பு வந்தது.

இந்த விதிகளால் சேகரிப்பவருக்குக் கிடைத்தது பெரிய வரம். ஒவ்வொரு முகப்பிலும், அதாவது முகவரி எழுதிய வெளிப்பக்கத்திலும், அந்த மனிதர் தம் கையால் எழுதிய பத்துப் பதினைந்து சொற்கள் தேதியோடு இருக்கின்றன. விக்டோரியா காலத்தவர் முகப்பை மட்டும் வெட்டி ஆல்பங்களில் ஒட்டிவைத்தார்கள். அவைதான் இன்று கட்டுக்கட்டாகச் சந்தைக்கு வருகின்றன. பெயர் தெரியாத உறுப்பினர்களின் முகப்புகள் சில பவுண்டுக்கே கிடைக்கும். அப்படி இருபது முப்பது முதலில் வாங்குங்கள். அசல் காகிதமும் அசல் மையும் எப்படி இருக்கும் என்று விரலும் கண்ணும் பழகிக்கொள்ள இதைவிட மலிவான வழி இல்லை. பிறகு பீல், பாமர்ஸ்டன், மெல்பர்ன், வில்பர்ஃபோர்ஸ் போன்ற பெயர்பெற்ற அரசியல்வாதிகள் என்று மேலே போகலாம்.

கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியது, முகவரி எழுதிய கையும் கையொப்பமிட்ட கையும் ஒன்றா என்பதே. 1764-க்குப் பிந்தையதில் இரண்டும் வேறு என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்தது ‘ஃப்ரீ’ என்ற சிவப்பு முத்திரையின் தேதி, எழுதிய தேதியோடு பொருந்துகிறதா என்பது. மூன்றாவது பெயர்க் குழப்பம். ஆட்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். ராபர்ட் பீல் என்று அப்பா, மகன் இருவரும் ஒரே காலத்தில் உறுப்பினர்கள். மகன் 1809-ல் உள்ளே வந்தார், அப்பா 1820 வரை இருந்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் ‘ராபர்ட் பீல்’ என்று கண்டால் எழுத்தை ஒப்பிடாமல் பின்னாளில் பிரதமரான மகன் என்று முடிவு கட்டக் கூடாது. வில்லியம் பிட் விஷயம் எளிது: மூத்தவர் 1766-ல் சாத்தம் பிரபு ஆகி ‘சாத்தம்’ என்றே கையொப்பமிட்டார், இளையவர் நாடாளுமன்றம் வந்தது 1781-ல்.

விற்பனைப் பட்டியலின் மொழி

ஏ.எல்.எஸ். என்றால் முழுக்கத் தம் கையால் எழுதிக் கையொப்பமிட்ட கடிதம். எல்.எஸ். என்றால் எழுத்தர் எழுத, பிரமுகர் கையொப்பம் மட்டும் இட்டது. டி.எல்.எஸ். என்றால் தட்டச்சுக் கடிதம், டி.எஸ். என்றால் கையொப்பமிட்ட ஆவணம். ஒரே ஆளின் ஏ.எல்.எஸ்., எல்.எஸ். இரண்டுக்கும் விலையில் பல மடங்கு வித்தியாசம் இருக்கும். ‘லெய்ட் டவுன்’ என்றிருந்தால் முழுத் தாளும் அட்டையில் ஒட்டப்பட்டிருக்கிறது. பின்பக்கமோ வாட்டர்மார்க்கோ (வெளிச்சத்தில் தாளுக்குள் தெரியும் ஆலைக் குறி) பார்க்க முடியாது. ‘டிப்ட் இன்’ என்றால் ஓரம் மட்டும் ஒட்டு. அதில் பெரிய ஆபத்து இல்லை. ‘டாக்கெட்டட்’ என்றால் கடிதத்தைப் பெற்றவர் பின்பக்கம் தேதி, பொருள் குறித்துவைத்திருக்கிறார். இது நல்ல அடையாளம். போலி செய்பவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டாவது கையைப் பற்றி யோசிப்பதே இல்லை.

சோதனைக்கு வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், ஏ4 அளவு எல்இடி ஒளிப்பலகை, மில்லிமீட்டர் ஸ்கேல். இவ்வளவு போதும். வெள்ளைக் கையுறை வேண்டாம். துணி நூல் காகித ஓரத்தில் மாட்டிக் கிழிக்கும், விரலுக்குத் தொடுவுணர்வும் போய்விடும். சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்த கையே போதும்.

காகிதம்

ஒளிப்பலகையின் மேல் தாளை வைத்துப் பாருங்கள். பழைய கம்பி அச்சில் செய்த ‘லெய்ட்’ காகிதத்தில் நெருக்கமான மெல்லிய கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே சுமார் 25 மில்லிமீட்டருக்கு ஒன்றாகத் தடித்த கோடுகளும் தெரியும். கோடே இல்லாமல் துணி போல ஒரே சீராக இருந்தால் அது ‘வோவ்’ காகிதம். இதை 1750களில் ஜேம்ஸ் வாட்மன் ஆலைதான் இங்கிலாந்தில் முதலில் செய்தது. கடிதத்தாளாகப் பரவியது அந்த நூற்றாண்டின் இறுதியில். 1720 என்று தேதியிட்ட கடிதம் வோவ் காகிதத்தில் இருந்தால் மேற்கொண்டு பேச்சே இல்லை.

அடுத்து வாட்டர்மார்க். காகிதத்துக்குச் செலுத்திய வரியை ஏற்றுமதியின்போது திரும்பப் பெற வேண்டுமானால், தாளில் ஆண்டு தெரிய வேண்டும் என்று 1794-ல் பிரிட்டனில் சட்டம் வந்தது. அதனால் அதற்குப் பிந்தைய ஆங்கிலக் காகிதத்தில் ஆலையின் பெயரோடு ஆண்டும் இருப்பது சாதாரணம். 1811-ல் கட்டாயம் நீங்கிய பிறகும் பல ஆலைகள் அந்தப் பழக்கத்தை விடவில்லை. பொதுவாகக் கடிதம் எழுதப்பட்ட தேதி, வாட்டர்மார்க் ஆண்டிலோ அடுத்த ஓரிரு ஆண்டிலோ விழும். கடிதத்தில் 1803, காகிதத்தில் 1806 என்றால் அது போலி, அல்லது பின்னால் எடுத்த நகல். ‘1794’ என்ற எண்ணில் மட்டும் கொஞ்சம் தாராளம் காட்டுங்கள். சட்டம் வந்த ஆண்டையே பல ஆலைகள் அச்சில் மாற்றாமல் வைத்திருந்ததால், 1790களின் இறுதிக் கடிதங்களிலும் அந்த எண் வரும்.

வாட்டர்மார்க் இல்லாததை மட்டும் வைத்துச் சந்தேகப்படாதீர்கள். ஒரு முழுத் தாளின் ஒரு பாதியில் சின்னம், மறுபாதியில் பெயரும் ஆண்டும் இருக்கும். வெட்டிய துண்டில் இரண்டுமே விழாமல் போகலாம்.

போலி செய்பவர்களுக்குப் பழைய வெற்றுத்தாள் கிடைப்பது பழைய புத்தகங்களின் முன்பின் பக்கங்களில். அப்படிப்பட்ட தாளில் ஒரு ஓரம் மட்டும் கரடுமுரடாகவோ, புதிதாக வெட்டியதாகவோ, தையல் துளைகளோடோ இருக்கும். கடிதத்துக்கு உரிய மடிப்புகள் இருக்காது. இருந்தாலும் மடிப்பில் அழுக்கு இருக்காது. இன்னொன்று, காகிதத்துக்குப் பூசிய பசை இருநூறு ஆண்டில் வலுவிழந்துவிடும். அதன்மேல் இன்று எழுதினால் மை மீசை மீசையாகக் கசியும். லென்ஸில் பார்த்தால் எழுத்தின் விளிம்பு முழுவதும் சிறு இழைகளாகப் பிரிந்திருக்கும்.

புற ஊதா டார்ச்சை இருட்டில் அடியுங்கள். பழைய கந்தல்துணிக் காகிதம் மங்கலாகத் தெரியும். நீலவெள்ளையாகப் பளிச்சென்று ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டும் ரசாயனம் இருக்கிறது. அது சுமார் 1950-க்குப் பிறகே காகிதத்தில் பரவலாகக் கலக்கப்பட்டது.

மையும் பேனாவும்

அந்தக் காலத்து மை, நம் நாட்டு மருந்துக் கடைச் சரக்கைக் கொண்டே விளங்கிக்கொள்ளக் கூடியது: மாசிக்காய்ச் சாறு, அன்னபேதி, பிசின். எழுதும்போது வெளிறியிருக்கும். காற்றுப் பட்டுக் கறுக்கும். பல்லாண்டு கழித்துப் பழுப்பாகும். அன்னபேதி மிகுந்துவிட்டால் காகிதத்தையே அரிக்கும். தடித்த எழுத்துகளைச் சுற்றிப் பழுப்பு நிழலும், பின்பக்கத்தில் எழுத்தின் சாயலும் தெரிவது அதனால்தான். புற ஊதா ஒளியில் இந்த மை கறுப்பாகவே தெரியும். ஒரே சீரான பழுப்பு நிறத்தில், அழுத்திய இடமும் அழுத்தாத இடமும் வித்தியாசமில்லாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். பழையது போலக் காட்டப் பழுப்பு மையிலேயே எழுதியிருக்கலாம்.

இறகுப் பேனாவின் கீழ்நோக்கிய கோடு வழவழவென்று தடித்து மெலியும். உலோக நிப்பு அழுந்தும்போது அதன் இரு முனையும் விரிந்து, கோட்டின் இரு கரையிலும் மெல்லிய பள்ளம் விழும். பர்மிங்காமில் எஃகு நிப்பு பெருமளவில் உற்பத்தியானது 1820, 1830களில். 1760 தேதியில் இந்த இரட்டைப் பள்ளம் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மடிப்பையும் மையையும் சேர்த்துப் பாருங்கள். எழுதிய பிறகு மடித்தால், மடிப்பு ஓடும் இடத்தில் மை உதிர்ந்து வெள்ளையாகத் தெரியும். ஏற்கெனவே மடிந்து நார் உடைந்த தாளில் எழுதினால் மை அந்த மடிப்புக்குள் இறங்கிப் பக்கவாட்டில் பரவும். லென்ஸ் வைத்திருப்பவருக்கு இதைவிட உறுதியான சோதனை வேறில்லை. கடிதத்தைத் திறந்ததும் மடிப்பும் எழுத்தும் குறுக்கிடும் நான்கைந்து இடங்களையாவது தேடிப் பாருங்கள்.

தபாலும் தேதியும்

1840-க்கு முன் கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. உறை போட்டால் அதுவும் ஒரு தாள் கணக்கு. அதனால் தாளையே மடித்து, வெளிமுகத்தில் முகவரி எழுதி, அரக்கு வைத்து ஒட்டினார்கள். அசல் கடிதத்தில் அரக்கு இருந்த இடத்தில் பிய்ந்த ஓட்டையும், எதிர்ப்புறத்தில் அதன் கறையும் இருக்கும். வெளிமுகத்தில் கிறுக்கியது போலத் தெரியும் எண், பெறுபவர் செலுத்த வேண்டிய பென்னிக் கணக்கு. 1661 முதல் 1787 வரை லண்டனில் இட்ட சிறு வட்ட முத்திரையில் நாளும் மாதமும் மட்டுமே இருக்கும், ஆண்டு இருக்காது. முத்திரையே இல்லாததும் குறையல்ல. வேலையாள் கையில் கொடுத்தனுப்பிய கடிதங்கள் ஏராளம்.

1752-க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25 அன்று பிறந்தது. அதனால் பிப்ரவரிக் கடிதத்தில் ‘1701/2’ என்று இரட்டை ஆண்டு இருந்தால் அது பிழையல்ல, அந்தக் காலத்து வழக்கம். 1752-ல் செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14. இடைப்பட்ட தேதியில் லண்டனிலிருந்து எழுதிய கடிதம் என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

பெயரும் பட்டமும்

நெல்சனையே எடுத்துக்கொள்வோம். 1797 ஜூலையில் டெனரீஃபில் வலக்கையை இழக்கும்வரை எழுத்து வலப்பக்கம் சாய்ந்து ஓடும். சில நாளிலேயே இடக்கையால் எழுதத் தொடங்கிவிட்டார்; அந்த எழுத்து நிமிர்ந்தும் முறிந்தும் அகலமாகவும் இருக்கும். 1798 இறுதியிலிருந்து ‘நெல்சன்’. சிசிலி அரசர் பிரான்ட்டே கோமகன் பட்டம் தந்த 1799-க்குப் பிறகு ‘பிரான்ட்டே நெல்சன்’. 1801 முதல் 1805 அக்டோபர் 21 அன்று டிரஃபால்கரில் இறக்கும்வரை ‘நெல்சன் அண்ட் பிரான்ட்டே’. கை எது, பெயர் எது, தேதி எது என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலே பாதிப் போலிகள் கழிந்துவிடும்.

படைத்தளபதி வெலிங்டன் 1798 வரை ‘வெஸ்லி’ என்றும், பிறகு ‘வெல்லெஸ்லி’ என்றும், 1809 முதல் ‘வெலிங்டன்’ என்றும் எழுதினார். ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையும் அசாயே போரும் நடந்த காலத்தில் அவர் ஆர்தர் வெல்லெஸ்லிதான். அந்தக் காலக் கடிதத்தில் வேறு பெயர் வரக் கூடாது. கவிஞர் பைரன் 1822 முதல் ‘நோயல் பைரன்’ என்றும் எழுதினார். பிரதமர் டிஸ்ரேலி 1876-ல் ‘பீக்கன்ஸ்ஃபீல்ட்’ ஆனார். விக்டோரியா அரசியின் ‘ஆர்.ஐ.’ (அரசி, பேரரசி) என்ற இரட்டை எழுத்து, அவர் இந்தியப் பேரரசி ஆனதற்கு முந்தைய ஆவணத்தில் இருக்க முடியாது. அதற்கான சட்டம் 1876-ல் வந்தது. கேன்டர்பரி பேராயர் குடும்பப் பெயரை எழுத மாட்டார், ‘கேன்டுவார்’ என்று எழுதுவார். இதைத் தெரியாத விற்பனையாளரிடம் பேராயர் கடிதங்கள் மலிவாகக் கிடைப்பதுண்டு.

அச்சு நகல்களும் பேர்போன போலிகளும்

வஞ்சக நோக்கமில்லாமல் அச்சிட்ட நகல்கள்தான் அதிகம் ஏமாற்றுகின்றன. 1819 ஏப்ரல் 27 தேதியிட்டு வெனிஸிலிருந்து பைரன் எழுதிய கடிதம் ஒன்றின் லித்தோ (கல்லச்சு) நகல் நூல் பதிப்புகளில் சேர்க்கப்பட்டது. பிய்ந்து வெளியே வந்த அந்தத் தாளை அசல் என்று நம்பி இன்றும் ஆட்கள் கொண்டுவருகிறார்கள். சர்ச்சிலுக்கு வாழ்த்து அனுப்பியவர்களுக்குப் போன நன்றிக் கடிதங்கள் பலவும் அவர் கையெழுத்தின் அச்சு நகல்களே. லென்ஸில் பாருங்கள்: பேனாவில் எழுதியதில் இரு கோடுகள் குறுக்கிடும் இடம் அடர்த்தியாக இருக்கும், கோட்டின் முடிவில் மை தேங்கும், தாளில் அழுத்தம் பதியும். லித்தோவில் எல்லாம் ஒரே நிறம், ஒரே தட்டை.

வேண்டுமென்றே செய்தவர்களில் எடின்பரோவின் ‘ஆன்டிக்’ ஸ்மித் பெயர்பெற்றவர். ஸ்காட்லாந்து எழுத்தாளர்கள் பர்ன்ஸ், ஸ்காட் பெயரில் கடிதங்களைக் குவித்துத் தள்ளி 1893-ல் சிறைக்குப் போனார். பைரனின் மகன் என்று சொல்லிக்கொண்ட மேஜர் பைரன், பைரன், ஷெல்லி, கீட்ஸ் மூவரின் பெயரிலும் கடிதம் செய்தார். ஆகவே நூறாண்டுக்கு முந்தைய ஆல்பத்திலிருந்து வந்தது என்பது மட்டும் சான்றாகாது. அந்தப் போலிகளுக்கே இப்போது நூறு வயதுக்கு மேல் ஆகிவிட்டது.

எழுதியவர் அன்று எங்கே இருந்தார்?

டிக்கன்ஸின் கடிதங்கள் 14,000-க்கு மேல் 12 தொகுதிகளாக அச்சாகியிருக்கின்றன. டார்வினின் கடிதப் போக்குவரத்து 15,000-க்கு மேல். அதை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். உங்கள் கடிதத்தின் ஒரு வரியை அங்கே தேடுங்கள். அதே கடிதத்தின் அசல் ஒரு நூலகத்தில் இருப்பதாகக் கண்டால், உங்களிடம் இருப்பது நகல். பழைய ஏலப் பட்டியலிலிருந்து எடுத்து அச்சிட்டதாகக் குறிப்பு இருந்தால் நல்ல செய்தி. காணாமல் போன மூலம் உங்களிடம் இருக்கலாம். எழுத்தை ஒப்பிட, வெலிங்டனுக்கு சவுத்தாம்டன் பல்கலைக்கழகம், சர்ச்சிலுக்கு கேம்பிரிட்ஜில் உள்ள சர்ச்சில் ஆவணக் காப்பகம், நெல்சனுக்கு கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகம் என்று தேடலாம்.

நூலக முத்திரையைச் சுரண்டிய தடம், இலாகா எண், வரிசை எண் உள்ள அரசுத் தாள் கண்டால் கை வைக்காதீர்கள். கிளைவ், தாமஸ் மன்றோ காலத்துக் கம்பெனித் தாள்களுக்கு உரிய இடம் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். சந்தைக்கு எப்படி வந்தது என்று விற்பவர் சொல்ல முடியாவிட்டால் அது திருட்டுப் பொருளாக இருக்கலாம்.

விலையும் சட்டமும்

ஏலத்தில் 400 பவுண்டுக்குக் கேட்டுக் கிடைத்தால் செலவு 400 அல்ல. ஏல நிறுவனக் கட்டணம் 25 சதவீதம் என்றால் 100, அதன்மேல் 20 சதவீத வரி 20, ஆக 520. அனுப்பும் செலவும் இங்கே சுங்கமும் தனி. 50 ஆண்டுக்கு மேற்பட்ட கையெழுத்துப் பிரதி பிரிட்டனை விட்டு வெளியேற ஏற்றுமதி உரிமம் தேவைப்படும். அதை யார் வாங்கித் தருவது என்று கேட்காமல் ஏலம் கேட்காதீர்கள். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி 75 ஆண்டுக்குக் குறையாத, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி தொல்பொருளாகும்; அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளிநாட்டில் விற்கலாம் என்ற எண்ணத்தோடு இங்கே கொண்டுவருபவர் இதை மறந்துவிடக் கூடாது. தாள் உங்களுடையதானாலும் அதிலுள்ள சொற்களின் பதிப்புரிமை உங்களுடையதல்ல என்பதும் நினைவிருக்கட்டும்.

நம் ஊர் ஈரத்தில் காப்பது

காகிதத்துக்கு 35 முதல் 60 சதவீத ஈரப்பதமும் 20 டிகிரிக்குள் வெப்பமும் நல்லது. சென்னையில் வெப்பத்தை அப்படிப் பிடிப்பது கடினம், ஈரத்தைப் பிடிக்கலாம். இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் சிறு ஈரமானியும் வையுங்கள். 65-ஐத் தாண்டினால் ஜெல்லைச் சூடேற்றி மீண்டும் போடுங்கள். அமிலமற்ற காகித மடிப்பில் கடிதம், அதன்மேல் பாலியெஸ்டர் உறை. பிவிசி உறை வேண்டவே வேண்டாம், அது மையை இழுத்து ஒட்டிக்கொள்ளும். பென்சிலில் எழுதியதை, உதாரணமாக ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலின் பிற்காலக் குறிப்புகளை, பாலியெஸ்டரில் வைக்காதீர்கள். நிலைமின்சாரம் கரித்தூளை இழுத்துவிடும். இராமபாணப் பூச்சிக்குப் பயந்து பாச்சை உருண்டையைக் கடிதத்தோடு சேர்த்து வைப்பதும் தவறு. பெட்டி சுத்தமாகவும் உலர்ந்தும் இருந்தால் பூச்சி வராது.

லேமினேஷன், செலோடேப், இஸ்திரிப் பெட்டி மூன்றும் கடிதத்துக்கு எமன். பழைய ஒட்டைத் தண்ணீர் தொட்டு எடுக்கப் போனால் மாசிக்காய் மை கரைந்து பரவி, காகித அரிப்பையும் கிளப்பிவிடும். அதைக் காகிதப் பராமரிப்பு தெரிந்தவரிடம் விடுங்கள். சுவரில் மாட்ட ஆசையிருந்தால் நல்ல கலர் நகலை மாட்டுங்கள்.

கடிதத்தின் மேல் எதையும் எழுதாதீர்கள். வாங்கிய தேதி, விலை, விற்றவர், வாட்டர்மார்க், அளவு, முழு வாசகத்தின் படி ஆகியவற்றைத் தனித் தாளில் எழுதி மடிப்புக்கு வெளியே வையுங்கள். கடிதத்தோடு வந்த பழைய உறை, ஏலத் துண்டு, முன்னாள் உரிமையாளரின் குறிப்பு எதையும் குப்பை என்று எறியாதீர்கள். சேகரிப்பாளர் சர் தாமஸ் ஃபிலிப்ஸ் தம் கையெழுத்துப் பிரதிகளுக்கு இட்ட எண் போன்ற ஒரு பென்சில் கிறுக்கல்கூட அந்தத் தாள் வந்த வழியைக் காட்டிக்கொடுக்கும். அழிப்பானைக் கையில் எடுக்கும் முன் இரு பக்கத்தையும் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்த பிறகு அழிப்பானை உள்ளே வைத்துவிடுங்கள்.